சிவப்பு அம்பு ஒட்டியவர்

வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். இந்த அம்மா எதையும் கேட்கவில்லை. தோள்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். மாடிப் போர்ஷனை ஒரு சுற்று சுற்றி வந்து பதினொரு இடங்களில் சிவப்பு அம்பு ஒட்டினார். நகத்தளவு அம்பு. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு குறை இருந்தது. சுவிட்சுப் பெட்டியின் ஓரத்தில் விரிசல், சமையல் மேடைக்கடியில் ஈரம், ஜன்னல் கொக்கி ஒன்றில் திருகாணி இல்லை. சத்துவாச்சாரியில் நானே நின்று கட்டிய வீடு அது. அதில் குறை எதுவும் இல்லை என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

"ரிப்பேர் பண்ணச் சொல்லல சார். நாளைக்கு நாங்க காலி பண்றப்ப இதெல்லாம் நாங்க பண்ணதுன்னு ஆயிடக் கூடாது இல்ல, அதுக்குத்தான்."

நான் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு சர்வே எண்ணைத் தொடுவதற்கு முன் அது இருக்கும் நிலையை எழுதிவைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த விதியைப் பின்பற்றிய சர்வேயர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இந்தப் பெண் அதைப் பத்து நிமிடத்தில் செய்து முடித்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போகும் படி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு நாலு வருடத்துக்கு முன்னால் வீட்டைக் காலி செய்தபோது அவரே என்னை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

ஆம்பூர்க்காரர். வீட்டில் உருது, வெளியில் எங்கள் தமிழ். மேல்விஷாரம் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கணவர் எத்தியோப்பியாவில் தோல் தொழிற்சாலை டெக்னீசியன். எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்த மகளின் பள்ளிக்கூடத்துக்காக இங்கே வந்தார். பேர் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் 'மாடிவீட்டம்மா' என்றால் போதும்.

வாடகை ஒப்பந்தத்தில் பதினான்கு நிபந்தனைகள் வைத்திருந்தேன். ஒன்பதாவது, நாய் வளர்க்கக் கூடாது. அவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து, நாய் இல்லை, ஆனால் பூனை ஒன்று இருக்கிறது, பெயர் நவாப், முன்னாடியே சொல்லிவிடுகிறேன் என்றார். பூனையைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டது என் பிழை. அதை அவருக்கு முன்னால் ஒப்புக்கொள்ள மனமில்லாமல், பூனை பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய வேலை என்ன என்பதை ஒருநாள் என் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஷூவை விளக்குக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நூல் விலகியிருந்தால், பசை தெரிந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பு. அவ்வளவுதான். ஷூ திரும்பி லைனுக்குப் போய்விடும். யார் தைத்தது, யார் ஒட்டியது என்பது செக்கிங் மேஜையில் பேசக் கூடாத பேச்சு. பேசினால் அன்றைக்கு லைன் ஓடாது, சண்டைதான் ஓடும் என்றார். அதனால் எதற்கும் அவரிடம் ஒரு வாசகம் உண்டு. "எங்கன்னு மொதல்ல பாக்கலாம். யாருன்னு அப்புறம்."

தெருவுக்குத் தண்ணீர் வராத ஒரு கோடையில் எதிர்வரிசையில் ஒருவர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நான் மனு எழுதத் தாள் எடுத்துவிட்டேன். இவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பர்தாவோடு தெருமுனையிலிருந்து குழாய் போகும் வழியே நடந்தார். மண் நெகிழ்ந்திருந்த இடங்களில் செங்கல் துண்டு வைத்துக்கொண்டே வந்தார். நாலாவது துண்டு பிள்ளையார் கோயில் ஓரத்தில். அங்கே தோண்டினால் குழாய் உடைந்து தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. மோட்டார்க்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் அன்றைக்கு இவருக்கு ஒரு தட்டு பலாச்சுளை கொடுத்தனுப்பினார். நான் எழுதிய மனு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. நல்ல மனு.

பூனைக்கு அப்புறம் முயல் வந்தது. ஈத்துக்கு நாத்தனார் கொடுத்த வெள்ளை முயல். ரூயி என்று பெயர். உருதுவில் பஞ்சு. ஐந்து மாதம் வரை பஞ்சாகத்தான் இருந்தது. ஒருநாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதே என்று சலவை வேட்டியோடு மேலே போனேன். அது என் காலை இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் ஒரு துள்ளு துள்ளி, இடுப்பைத் திருப்பி, முழங்காலுக்குக் கீழே வேட்டியை நனைத்துவிட்டது. அடித்த நெடியில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

அவர் வாயில் துப்பட்டாவை அழுத்திக்கொண்டு நின்றார். மகள்தான் சொன்னாள். "தாத்தா, ரூயிக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

விளையாட்டு இல்லை, அதுதான் உண்மை என்று காட்பாடியிலிருந்த கால்நடை டாக்டரம்மா பிறகு சொன்னாராம். ஆண் முயல் பருவத்துக்கு வந்ததும் ஜோடி தேடும். ஜோடி என்று எதை நினைக்கிறதோ அதைச் சுற்றி வந்து, இது என்னுடையது என்று தன் வாசனையைத் தெளித்துவிடும். முகவாயை நாற்காலிக் காலில் தேய்ப்பதும் அதற்குத்தான். அங்கேயும் ஒரு சுரப்பி இருக்கிறது. ஆனால் அந்த வாசனை நமக்குத் தெரியாது. அறுவை சிகிச்சை செய்தால் சில வாரத்தில் அடங்கிவிடும். பணி ஓய்வுக்கு அப்புறம் என்னை யாரும் உரிமை கொண்டாடியதில்லை. அதை ஒரு முயல் செய்தது, வேட்டி ஒன்றைப் பாழாக்கி.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அவர் மகளை நான் கூப்பிட்டு, ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு, நாளைக் காலை வரை ஒன்றும் கொடுக்கக் கூடாது, அதுதான் முறை என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு இரண்டு முறை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முறை தெரியாதா? குழந்தை அழுதுகொண்டே புல் தட்டை எடுத்து வைத்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த அவர், தட்டு எங்கே என்று கேட்டு, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். முயலுக்கு வாந்தியெடுக்க வராது, அதனால் பட்டினி போட வேண்டியதில்லை, குடல் நின்றுபோனால்தான் உயிருக்கு ஆபத்து, உடனே புல் கொடுங்கள் என்று பதில் வந்தது. அவர் கீழே இறங்கி வந்து என்னிடம் அதைச் சொன்னபோது குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. இன்ன இடத்தில் இன்ன தப்பு, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் மேலதிகாரிகள் என்னைத் திட்டியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

ரூயி அடங்கிய மாதம்தான் நவாப் ஆரம்பித்தது.

ஏழு வயதுப் பூனை. ரொம்ப நாளைக்கு முன்பே ஆபரேஷன் ஆனது. கம்பெனி குடோனில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்து வளர்த்தது. மணல் தட்டைத் தவிர வேறிடம் தெரியாது. திடீரென்று வாசற்கதவு நிலையில், பிறகு ஷூ ஸ்டாண்டில், பிறகு பை மாட்டும் ஆணிக்குக் கீழே என்று ஆரம்பித்தது. இது ஒன்றுக்குப் போவதில்லை. ஒன்றுக்குப் போகும் பூனை உட்காரும். இது நின்றபடி வாலை நிமிர்த்தி, வால்நுனி நடுங்க, பின்னாலிருக்கும் சுவரில் ஒரு கரண்டிகூடத் தேறாத அளவு பீய்ச்சும். அந்தக் கரண்டியளவுக்கு மாடிப்படி முழுக்க நாறியது. சுவர் ஓதம் பிடித்துக் கீழே எங்கள் கூடத்து மேல்சுவரிலும் மஞ்சளாக ஒரு வரைபடம் தெரிய ஆரம்பித்தது.

முப்பத்தொரு வருடம் எல்லைத் தகராறு பார்த்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. எல்லைக் கல் நடுகிறது. என்ன, நாங்கள் நட்ட கல் நிற்கும். இதன் கல் நாலு நாளில் மணம் போய்விடும். அதனால் மறுபடி மறுபடி நட வேண்டியிருக்கிறது. சலான் கட்ட வேண்டாம், பக்கத்து நிலத்துக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டாம்.

என் பங்குக்கு நானும் உதவினேன். காரமான கழுவு திரவம் ஒன்றை வாங்கி, அவர் வேலைக்குப் போயிருந்தபோது, குழந்தையின் அனுமதியோடு, எல்லா இடத்தையும் நானே தேய்த்துக் கழுவினேன். மறுநாள் அதே இடங்களில் இரண்டு மடங்கு. டாக்டரம்மா என்ன திரவம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அதில் அமோனியா இருக்கிறது, பூனை மூக்குக்கு அது இன்னொரு பூனை வந்து போன மாதிரி. சத்துவாச்சாரியில் இல்லாத ஒரு பூனையை நானே நாலு சுவரில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

இதெல்லாம் சேர்ந்துதான் நோட்டீஸ் கொடுத்தேன். முப்பது நாளுக்குள் பூனை தெளிப்பது நிற்க வேண்டும். முப்பதாம் நாள் நான் வந்து பார்வையிடும்போது புதிய கறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்கே பூனை போக வேண்டும். ஒரே வீடுதான் என்றாலும் முறைப்படி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால்காரர் வந்த நேரம் மாடி பூட்டியிருந்தது. என் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கி, யாரோ பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார்கள் என்று என்னிடமே கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு நானே மாடியேறிப் போனேன்.

அவர் நின்றபடியே படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் மட்டும் சிறுத்துப்போனது. பூனையை ஆம்பூரில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டால் அங்கே சந்து நாய்கள் நாலு நாள் விட்டுவைக்காது என்றார். பிறகு மகளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"முப்பது நாள் இருக்கு இல்ல சார். எங்கன்னு மொதல்ல பாக்கலாம்."

மறுநாளே மாடி முழுக்க அம்புகள் முளைத்தன. நவாப் எங்கெங்கே தெளித்ததோ அங்கெல்லாம் ஒன்று. வெளிப்பூனை ஏதாவது ஜன்னல் பக்கம் வந்து போகிறது, அதனால்தான் இப்படி என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அப்படியானால் அம்புகள் ஜன்னலடியில் இருக்க வேண்டும். ஜன்னலடியில் ஒன்றுகூட இல்லை. அவர் ஐந்து நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிடிபடவில்லை.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எதிரி முகாமுக்கு உதவுகிறோம் என்று தெரிந்தும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். வாசற்கதவிலிருந்து குளியலறை வரை ஒரு அடிக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு அம்புக்கும் எத்தனை தூரம் என்று செங்குத்தாக ஓர் அளவு. ஒரு வயலை எப்படி அளப்போமோ அப்படி. வரைந்து முடித்துப் பார்த்தால், எந்த அம்பும் கோட்டிலிருந்து ஒரு கை நீளத்தைத் தாண்டவில்லை. கதவு நிலை, ஷூ ஸ்டாண்ட், பை ஆணி, நாற்காலி, அழுக்குத் துணிக் கூடை, குளியலறைக் கதவு.

"இந்த மாதிரி வயல்ல வந்தா நாங்க ஒத்தையடிப் பாதைன்னு புள்ளிக்கோடு போடுவோம்மா. தினம் யாரோ நடக்கிற வழி இது."

அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நான் நடக்கிற வழி சார். வேலை விட்டு வந்தா நான் இப்படித்தான் போவேன்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. முடிந்த ஷூ பார்த்துக்கொண்டிருந்தவரைக் கம்பெனியின் பதனிடாத பச்சைத் தோல் பகுதிக்குப் போட்டிருந்தார்கள். உப்புப் போட்டு லாரியில் வந்து இறங்கும் ஆட்டுத்தோலைப் பிரித்துத் தரம் பார்க்கும் இடம். அவருக்குக் கீழே பதினான்கு பெண்கள். தெருவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அவர் ஆணியிலிருந்து பையை எடுத்து முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். நான் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் மனைவியும் வந்து முகர்ந்தாள். தோல் பை தோல் மாதிரி இருக்கிறது என்றாள். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகள் பக்கம் வந்ததும் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். எதற்கு ஏற்றுகிறார்கள் என்று கேட்கிற ஆட்கள் நாங்கள். முயல் மூத்திரம் மாதிரி புதிதாக வருவது எங்கள் மூக்குக்கு எட்டும். பிறந்ததிலிருந்து இருப்பது எட்டாது.

எதிர்வீட்டு மாடியில் மிசோரமிலிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி குடியிருந்தாள். வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அவர் பையோடு அங்கே போனார். நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண் பையை முகத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. ரொம்பச் சங்கடப்பட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

"அக்கா, சாரி. தினம் ஆறரை மணிக்கு நான் ஜன்னல் மூடுது. நீங்க வர்றது அப்போ."

திரும்பி வரும்போது அவர் பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தார். எங்கள் கேட்டருகே வந்ததும் நின்றுவிட்டார். மேலே போகலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போய், கீழே இருக்கிற வெளிக் குளியலறையைத் திறந்துவிட்டாள். இனிமேல் வேலை விட்டு வந்ததும் இங்கே குளித்து, துணி மாற்றி, பையை இங்கேயே வைத்துவிட்டு மேலே போ என்றாள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மா போனில் சொன்னதை அவர் எங்களுக்கு அப்படியே சொன்னார். பூனைக்குக் கோபமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. வீட்டிலேயே அதற்கு முக்கியமான இடம் நீங்கள்தான். அந்த இடத்தின் மேல் தினமும் சாயங்காலம் ஆயிரம் ஆடு ஏறி வருகிறது. அது பயந்துபோய், இல்லை, இது என் இடம்தான் என்று உங்களைச் சுற்றித் தன் வாசனையைப் போட்டுப் போட்டுத் தன்னைத் தேற்றிக்கொள்கிறது.

கீழே குளிக்க ஆரம்பித்த வாரத்திலேயே குறைந்தது. தினம் நாலு என்பது ஒன்றாயிற்று, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவருக்கு முடியவில்லை. ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்.

"செக்ஷன்ல ஒரு அக்கா. அவங்க பையன், அம்மா ஸ்கூலுக்கு வந்தாலே ஓடி ஒளிஞ்சிக்குவானாம். திமிரு புடிச்ச பையன்னு நாங்கல்லாம் திட்டினு இருந்தோம் சார். எனக்குப் பூனை இருந்திச்சு, சொல்லிச்சு. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

கம்பெனியில் ஆண்களுக்குத் தோல் ஊறவைக்கும் டிரம் பக்கத்தில் குளிக்க இடம் இருந்தது. பெண்களுக்கு இல்லை. அந்தப் பகுதியில் முன்பு பெண்களே இல்லையாம். இவர் போய்க் கேட்டதற்கு மேனேஜர், பூனைக்குப் பிடிக்கவில்லை என்றால் பழையபடி செக்கிங்குக்கே போய்விடு, நாளைக்கே மாற்றுகிறேன் என்றாராம். நான் அதை ஒப்புக்கொள்ளச் சொன்னேன். தொந்தரவில்லாத வழி. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார். எனக்கு வெட்கமாகி, பிராயச்சித்தமாக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். தொழிற்சாலைச் சட்டப்படி கழுவிக்கொள்ளவும் உடை மாற்றி வைக்கவும் வசதி செய்து தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று மூன்று பக்கம். மறுநாள் அது ஒரே ஓர் அம்போடு திரும்பி வந்தது. மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் ஒட்டியிருந்தது. ரூம் வேணும்னு இங்கதான் சார் வருது, அதுக்குள்ள அவரு தூங்கிடுவாரு என்றார்.

அவர் வேறு வழியில் போனார். மேனேஜர் வடக்கிலிருந்து புதிதாக வந்தவர். மூக்கு இன்னும் வேலை செய்தது. பெண்கள் போகும் கம்பெனி பஸ்ஸில் இருக்கை சரியில்லை, ஒருநாள் நீங்களே வந்து பாருங்கள் என்று இவர் அவரைக் கூப்பிட்டார். மழைநாள். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. நடுவில் அவரை உட்கார வைத்துச் சுற்றிலும் பதினான்கு பேர். வண்டி பாதி வழி வருவதற்குள் அவர் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாராம். இறங்கும்போது இவர் சீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ரூம் எங்கே கட்டலாம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். பத்து நாளில் தகரக் கூரை போட்டு, நாலு குழாய் வைத்து, துணி மாட்டக் கொக்கி அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் நானும் மனைவியும் சோளிங்கர் மலைக்குப் போய்விட்டு இருட்டியபின் வந்திருந்தோம். காலையில் நோட்டீஸ் நகலையும் என் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். கடந்த ஒன்பது நாளாகப் புதிய கறை இல்லை என்று குழந்தை தினமும் கீழே வந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பார்வையிட்டேன், திருப்தி என்று எழுதிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

வாசலில் மூடிபோட்ட பிளாஸ்டிக் கூடை இருந்தது. உள்ளே நவாப். குழந்தை மூலையில் முயலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

நான் ஒவ்வொரு இடமாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் காய்ந்த பழைய தடம். ஒன்றுமில்லையே அம்மா என்றேன்.

"இங்க சார்." ஷூ ஸ்டாண்டுக்குப் பின்னால் விரலால் காட்டினார். "இன்னிக்குக் காலைல."

குனிந்தேன். எனக்குச் சுவர்தான் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது ஒரு கை அகலத்துக்கு ஈரம். ஒரு மாதமாக அந்த நெடியிலேயே இருந்த எனக்கு அதுவும் எட்டாமல் போயிருந்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். முந்தின நாள் நாலு குழாய்க்குப் பதினைந்து பேர். பஸ் ஹாரன் அடித்துவிட்டது. மற்றவர்களை முதலில் விட்டதில் இவருக்கு முறை வரவில்லை. இங்கே வந்தால் நாங்கள் ஊரில் இல்லை, பின்பக்கக் கேட் பூட்டு. குழந்தை பசியோடு இருந்தாள். அப்படியே மேலே ஏறிவிட்டார்.

"துடைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"தெரியும் சார். அதான் துடைக்கல."

கீழே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆம்பூர் பஸ் பிடிக்க அவரே வரச் சொல்லியிருந்தார். குழந்தை முயலின் காதைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன். ஷூ ஸ்டாண்ட் பக்கத்தில் புதிதாக ஒரு புள்ளி வைத்து அளவு எழுதினேன். பிறகு அவரிடம் சொன்னேன். நீளமாக ஒரு கோட்டை அளந்தால், எவ்வளவு கவனமாக அளந்தாலும், கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். அதற்காக எல்லாக் கல்லையும் பிடுங்கி மறுபடி நட மாட்டோம். பிழை இவ்வளவு, அனுமதிக்கத்தக்கது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது.

"எங்க செக்கிங்ல அப்படிக் கிடையாது சார். ஒரு அம்பு இருந்தாலும் திருப்பி அனுப்பிடணும்."

"இது உங்க செக்கிங் இல்லம்மா. நோட்டீஸ் குடுத்தது நான். பார்வையிட வந்ததும் நான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்று தெரியும். அதனால் தாளின் அடியில் 'அனுமதிக்கத்தக்கது' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் குழந்தையிடம் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அர்த்தம் கேட்டாள். நவாப் போக வேண்டாம் என்று அர்த்தம் என்றேன். முயலை அப்படியே என் மடியில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூடையைத் திறந்தாள்.

ஆட்டோவைத் திருப்பி அனுப்ப என் மனைவி கீழே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நவாப் மெதுவாக இறங்கி வந்து, உடம்பை நீட்டி நெளித்துவிட்டு, நடு அறையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. குழந்தை அதன் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டாள்.

அவர் மட்டும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.